உலகக் கோப்பை கால்பந்தின் நூறாண்டைச் சுவரில் எழுதுவது எப்படி

பள்ளிச் சுற்றுச்சுவரோ, மைதானத்து ஓரச் சுவரோ, 40 அடி நீளமும் ஐந்தரை அடி உயரமும் கிடைத்தால் போதும். 1930-இல் தொடங்கி இதுவரை நடந்த ஆண்கள் உலகக் கோப்பை முழுவதையும் ஒரே வரிசையில் எழுதிவிடலாம். ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டுவது சுலபம்தான். ஆனால் சேலத்து வெயிலில் ஒரே கோடையில் வெளுத்துப்போய், ஆடிக் காற்றில் கிழிந்து தொங்கும். ஒழுங்காகத் தயார்செய்த சுவரில் எழுதினால் நாலைந்து வருடம் நிற்கும். அடுத்த கோப்பை முடிந்ததும் அதிலேயே ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆண்டுகளுக்கு இடையிலான தூரம் அளவு மாறாமல் இருக்க வேண்டும். 22 கோப்பைகளையும் 22 சமக் கட்டங்களில் நெருக்கி எழுதினால் அது வெறும் பட்டியல். ஒரு வருடத்துக்கு 4 அங்குலம் என்று வைத்து எழுதினால், 1938-க்கும் 1950-க்கும் நடுவில் இரண்டாம் உலகப் போர் தின்ற 12 வருடம் 4 அடி இடைவெளியாகக் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை "இங்க ஏன் காலியா இருக்கு?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வருவதற்காகத்தான் இவ்வளவு அளவெடுப்பும்.

எந்தச் சுவர், எப்போது

தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பொதுச் சுவரில் அனுமதியில்லாமல் எழுதுவதற்குத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. பள்ளி, நூலகம், கிளப் என்று சொந்தச் சுவர் உள்ள இடமாகப் பார்ப்பது நல்லது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் சின்னத்தையும் அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ லோகோவையும் வரைய வேண்டாம். அவை பதிவுபெற்ற முத்திரைகள். பக்கத்தில் ஸ்பான்சர் கடையின் பெயரும் சேர்ந்தால் வியாபாரப் பயன்பாடாகிவிடும்.

சேலம் நகரத்தில் மேற்குப் பார்த்த சுவரைத் தவிர்க்கலாம். மத்தியானத்துக்கு மேல் சுவர் கொதிக்கும்; பிரஷ்ஷை இழுப்பதற்குள் பெயின்ட் காய்ந்து எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும். சிவப்பும் மஞ்சளும் அங்கேதான் முதலில் வெளுக்கும். கிழக்கு அல்லது வடக்குச் சுவர் நல்லது. வேறு வழியில்லை, மேற்குச் சுவர்தான் என்றால் காலை 10 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், மாலையானால் மூடுபனி. வடக்குச் சுவரில் வெயில் படாமல் பாசி ஏறும். அங்கே கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான உலர்ந்த நாட்களில் வேலையை வையுங்கள். கீழே நாலு மணி நேரத்தில் காயும் பெயின்ட் மேலே ஒரு நாள் எடுக்கும். மதியம் 2 மணிக்கு மேல் தொடாதீர்கள். பனி இறங்குவதற்குள் மேல்தோலாவது காய்ந்திருக்க வேண்டும். பெயின்ட், பிரஷ், டேப் எல்லாவற்றையும் சேலத்திலேயே வாங்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். ஒரு டப்பா குறைந்ததற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் அரை நாள் போய்விடும்.

சுவரைத் தயார்செய்வது

புதுச் சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறட்டும். பழைய சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடிப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. சுண்ணாம்பு சுவரைப் பிடிக்காது, எமல்ஷன் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். முதல் மழையில் இரண்டும் சேர்ந்து அப்பளமாக உரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கையால் தடவினால் வெள்ளை ஒட்டாத நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலை அடித்து, அரை மணி ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். உப்புப் பூத்த இடங்களை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அடுத்த வாரம் மறுபடி பூத்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது. அதைச் சரிசெய்யாமல் எழுதுவது வீண்.

விரிசல்களை வெள்ளைச் சிமென்ட் பட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, ஒரு கோட் வெளிப்புறப் பிரைமர். உயரத்தைத் தாராளமாக 6 அடி என்று வைத்தால், 40 அடிக்கு 240 சதுர அடி. 4 லிட்டர் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர் வெளிப்புற எமல்ஷன் போதும். அடிநிறம் தூய வெள்ளையாக வேண்டாம், வெயிலில் கண் கூசும். லேசான தந்த நிறம் எழுத்தை நன்றாகத் தூக்கிக் காட்டும். பெயின்ட் கலக்கக் காவிரித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் கலந்தால் காய்ந்தபின் திட்டுத்திட்டாக வெள்ளை படியும்.

போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட்டுகள் எனாமலில் (எண்ணெய் பெயின்ட்) எழுதிப் பழகியவர்கள். தகரத்திலும் மரத்திலும் அது அருமையாக நிற்கும். ஈரம் ஏறும் சுவரில் எனாமலுக்குள் மூச்சுவிட வழியில்லாமல் கொப்புளம் எழும். எழுத்துக்கும் எமல்ஷனே எடுங்கள். வெள்ளையில் ஸ்டெயினர் (நிறமேற்றும் சாயம்) கலந்து அடர்நிறம் உண்டாக்க முயலாதீர்கள். எவ்வளவு ஊற்றினாலும் வெளிறித்தான் இருக்கும். அதிகம் ஊற்றினால் காயாது. அடர்நிறங்களைக் கடையிலேயே மெஷினில் கலந்து வாங்குங்கள். கறுப்பு 1 லிட்டர் வேண்டும். மற்ற நிறங்கள் ஒவ்வொன்றும் 200 மில்லிக்கு மேல் செலவாகாது.

அளவு போடுதல்

சுவரின் இடது ஓரம் 0. அங்கிருந்து 40 அங்குலத்தில் 1930-இன் கோடு. பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் 4 அங்குலம். 1934 என்பது 56 அங்குலம், 1938 என்பது 72. அடுத்தது 1950, அது 120, அதாவது சரியாக 10 அடி. 1970 வருவது 200-இல், 2022 வருவது 408-இல், 2026 வருவது 424-இல், 2030 வருவது 440-இல். மிச்சம் 40 அங்குலம் வலது ஓரத்துக்கு. வேறு எந்த ஆண்டு வேண்டுமானாலும் 1930-ஐக் கழித்து, 4-ஆல் பெருக்கி, 40-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோடுகளையும் 0-விலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய கோட்டிலிருந்து 16 அங்குலம், அதிலிருந்து 16 அங்குலம் என்று தாவிக்கொண்டு போனால், ஒவ்வொரு தாவலிலும் கால் அங்குலம் பிசகினாலே கடைசியில் 5 அங்குலம் விலகியிருக்கும். டேப்பை இழுத்துக் கட்டி, ஒருவர் எண் சொல்ல இன்னொருவர் புள்ளி வைப்பது சரியான முறை.

மட்டத்துக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். 40 அடிக்குச் சின்ன ரசமட்டம் நம்பத்தகாது. தரையையோ சுவரின் தலையையோ பார்த்துக் கோடு இழுக்காதீர்கள், இரண்டும் சரிந்திருக்கும். ஏற்காட்டுச் சுவர்கள் பலவும் சரிவில் படிப்படியாக இறங்கும். அப்படி ஒரு படி இருந்தால் அது 1938-க்கும் 1950-க்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் விழும்படி 0-வைத் தள்ளி வையுங்கள். கட்டம் எதுவும் உடையாது.

ஒவ்வொரு கட்டமும் 14 அங்குல அகலம்: ஆண்டுக் கோட்டுக்கு இருபுறமும் 7. அடுத்தடுத்த கட்டங்களுக்கு நடுவே 2 அங்குலம் சந்து. உயரத்தில், தரையிலிருந்து 15 அங்குலம் வரை எதுவும் வேண்டாம். மழையில் சேறு தெறிக்கும் இடம் அது. அங்கிருந்து 63 அங்குலம் வரை உள்ள 48 அங்குலம்தான் எழுதும் பட்டை. மேலிருந்து கீழாக: வென்ற அணியின் சட்டை நிறம் 5 அங்குலம், ஆண்டு எண் 5, நடத்திய நாடு 3, இறுதி ஆட்ட முடிவு 8, ஒரு குறிப்பு 9, அடியில் அணிகளின் எண்ணிக்கையைக் காட்டும் தூண் 12. மிச்சம் 6 அங்குலம் இடைவெளிகளுக்கு.

கோடுகளை நூல் அடித்துப் போடுங்கள். நூலில் கலர் சாக்பீஸ் பொடி தடவுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைத் தடவினால் எமல்ஷனுக்குள் கசிந்து நிரந்தரமாகிவிடும்.

அடித்தூணுக்கு ஓர் அணிக்குக் கால் அங்குலம். 1930-இன் 13 அணிகள் மூன்றேகால் அங்குலம், 1934-இன் 16 அணிகள் 4, 1938-இல் 15, 1950-இல் மறுபடி 13. 1954 முதல் 1978 வரை 16. 1982 முதல் 1994 வரை 24 அணிகள், 6 அங்குலம். 1998 முதல் 2022 வரை 32 அணிகள், 8 அங்குலம். 2026-க்கு 48 அணிகள் என்பதால்தான் 12 அங்குலம் ஒதுக்குகிறோம். முப்பதடி தள்ளி நின்று பார்த்தாலும் போட்டி எப்படி வளர்ந்தது என்பது இந்தத் தூண்களிலேயே தெரிந்துவிடும்.

சட்டை நிறத்தில் சிக்கும் இடங்கள்

பிரேசில் என்றால் மஞ்சள், இங்கிலாந்து என்றால் வெள்ளை, ஸ்பெயின் என்றால் சிவப்பு என்று கை தானாகப் போகும். இறுதி ஆட்டத்தில் உண்மையில் போட்டிருந்த சட்டையைத்தான் வரைய வேண்டும். 1958-இல் எதிரணி ஸ்வீடனும் மஞ்சள் என்பதால் பிரேசில் நீலச் சட்டையில் ஆடி வென்றது. 1966-இல் இங்கிலாந்து சிவப்பு. 2010-இல் ஸ்பெயின் கருநீலம். இந்த மூன்றும் சரியாக இருந்தால், விஷயம் தெரிந்தவர்கள் உங்கள் சுவரை நம்புவார்கள்.

மற்றவை வழக்கம்போலத்தான். உருகுவே வான்நீலம், இத்தாலியும் பிரான்சும் நீலம், மீதி நான்கு பிரேசில் கட்டங்கள் மஞ்சள். ஜெர்மனி வெள்ளை; தந்த நிறச் சுவரில் தெரிவதற்காக அரை அங்குலக் கறுப்பு ஓரம் கட்டுங்கள். அர்ஜென்டினாவுக்கு 14 அங்குலத்தை 2 அங்குலமாக ஏழு பட்டைகளாக்கி, வான்நீலம் நாலு, வெள்ளை மூன்று. மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே, சாய்வாக இழுத்து எடுங்கள். மறுநாள் எடுத்தால் விளிம்போடு பெயர்ந்துவரும்.

எழுத வேண்டிய முடிவுகள்

ஆண்டு, நடத்திய நாடு, இறுதி ஆட்டம் என்ற வரிசையில்:

1930, உருகுவே: உருகுவே 4–2 அர்ஜென்டினா
1934, இத்தாலி: இத்தாலி 2–1 செக்கோஸ்லோவாக்கியா (கூடுதல் நேரம்)
1938, பிரான்ஸ்: இத்தாலி 4–2 ஹங்கேரி
1950, பிரேசில்: உருகுவே 2–1 பிரேசில் (கடைசிச் சுற்றின் கடைசி ஆட்டம்)
1954, சுவிட்சர்லாந்து: மேற்கு ஜெர்மனி 3–2 ஹங்கேரி
1958, ஸ்வீடன்: பிரேசில் 5–2 ஸ்வீடன்
1962, சிலி: பிரேசில் 3–1 செக்கோஸ்லோவாக்கியா
1966, இங்கிலாந்து: இங்கிலாந்து 4–2 மேற்கு ஜெர்மனி (கூடுதல் நேரம்)
1970, மெக்சிகோ: பிரேசில் 4–1 இத்தாலி
1974, மேற்கு ஜெர்மனி: மேற்கு ஜெர்மனி 2–1 நெதர்லாந்து
1978, அர்ஜென்டினா: அர்ஜென்டினா 3–1 நெதர்லாந்து (கூடுதல் நேரம்)
1982, ஸ்பெயின்: இத்தாலி 3–1 மேற்கு ஜெர்மனி
1986, மெக்சிகோ: அர்ஜென்டினா 3–2 மேற்கு ஜெர்மனி
1990, இத்தாலி: மேற்கு ஜெர்மனி 1–0 அர்ஜென்டினா
1994, அமெரிக்கா: பிரேசில் 0–0 இத்தாலி (பெனால்டியில் 3–2)
1998, பிரான்ஸ்: பிரான்ஸ் 3–0 பிரேசில்
2002, தென் கொரியா, ஜப்பான்: பிரேசில் 2–0 ஜெர்மனி
2006, ஜெர்மனி: இத்தாலி 1–1 பிரான்ஸ் (பெனால்டியில் 5–3)
2010, தென்னாப்பிரிக்கா: ஸ்பெயின் 1–0 நெதர்லாந்து (கூடுதல் நேரம்)
2014, பிரேசில்: ஜெர்மனி 1–0 அர்ஜென்டினா (கூடுதல் நேரம்)
2018, ரஷ்யா: பிரான்ஸ் 4–2 குரோஷியா
2022, கத்தார்: அர்ஜென்டினா 3–3 பிரான்ஸ் (பெனால்டியில் 4–2)

பெனால்டி கோல்களை ஆட்டக் கோலோடு கூட்டக் கூடாது. 1994-ஐ "பிரேசில் 3–2" என்று மட்டும் எழுதினால், 120 நிமிடம் ஆடியும் கோலே விழாத இறுதி ஆட்டம் என்ற செய்தியே அழிந்துபோகும். 1990 கட்டத்தில் "மேற்கு ஜெர்மனி" என்றே இருக்கட்டும். அந்த இறுதி ஆட்டம் ஜூலையில், இரு ஜெர்மனிகளும் இணைந்தது அக்டோபரில்.

குறிப்பு வரிகள்: எங்கே கவனம் வேண்டும்

குறிப்புக்கு 9 அங்குலம்தான் இடம். ஒரு அங்குல எழுத்தில் ஐந்து வரி, ஆறேழு சொற்கள். அதற்கு மேல் திணித்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1930-க்கு இரண்டு பந்துக் கதையைப் பரிந்துரைப்போம். இறுதி ஆட்டத்துக்கு யார் பந்து என்று இரு நாடுகளும் விட்டுக்கொடுக்காததால், முதல் பாதியில் அர்ஜென்டினாவின் பந்து, இரண்டாம் பாதியில் உருகுவேயின் பந்து. இடைவேளையில் அர்ஜென்டினா 2–1 முன்னிலை. முடிவில் உருகுவே 4–2. சுவரில் "பாதிக்கு ஒரு பந்து" என்று எழுதி, இடைவேளை ஸ்கோரையும் இறுதி ஸ்கோரையும் கீழே போட்டால் போதும்.

காலி இடத்தில் 1942, 1946 என்ற எண்களைச் சாம்பல் நிறத்தில், "நடக்கவில்லை" என்ற ஒரு சொல்லோடு எழுதுங்கள். வேண்டுமானால் ஒரு செருப்புப் பெட்டியைச் சின்னதாக வரையலாம்: போர்க்காலத்தில் இத்தாலியக் கால்பந்து அதிகாரி ஒட்டோரினோ பராஸ்ஸி கோப்பையை அப்படி ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, நன்கொடையாளர் பெயர்களை இங்கே போடலாமே என்று யாராவது கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பெயர்களுக்கு வலது ஓரப் பலகத்தின் அடியில் இடம் இருக்கிறது.

அதிகத் தவறு வருவது 1950-இல். முதலாவது, அந்த ஆண்டு இறுதி ஆட்டம் என்று ஒன்று திட்டத்திலேயே இல்லை. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதிய கடைசிச் சுற்றில், கடைசி ஆட்டம் ரியோவின் மரக்கானா மைதானத்தில் விழுந்தது. பிரேசிலுக்கு டிரா போதும். அதிகாரபூர்வக் கணக்கில் 1,73,850 பேர் பார்த்திருக்க, பிரேசில்தான் முதல் கோலும் போட்டது. ஸ்கியாஃபினோவும் கிக்ஜியாவும் திருப்பி அடித்து உருகுவே வென்றது. எனவே கட்டத்தில் "இறுதிப் போட்டி" என்று எழுதாமல் "கடைசி ஆட்டம்" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, நம்முடைய கதை. வெறுங்காலோடு ஆட ஃபிஃபா விடவில்லை, அதனால் இந்தியா போகவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சுவரில் அதை ஏற்றாதீர்கள். நடந்தது இது: தகுதிச் சுற்றில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் இந்தியா ஆடாமலே தகுதி பெற்றது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் இடமும் ஒதுக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விலகியபோது சொன்ன காரணங்கள் அணித்தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரமின்மை. அன்று ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக நினைத்தோம் என்று அன்றைய இந்திய அணி வீரர் சைலன் மன்னா பின்னாளில் சொன்னார். வெறுங்கால் என்பது 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உண்மை. அங்கே இந்திய வீரர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடி, பிரான்சிடம் 1–2 என்று தோற்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டிய கதைதான் இன்று உலவுவது. "இந்தியா தகுதி பெற்றும் போகவில்லை" என்ற நாலு சொல் கட்டத்துக்குள் அடங்கும், பொய்யும் இல்லை. மீதியைக் கேட்பவர்களுக்கு வாயால் சொல்லலாம்.

மற்ற கட்டங்களுக்குச் சில: 1938, ஆசியாவிலிருந்து ஆடிய முதல் அணி டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இன்றைய இந்தோனேசியா. 1954, பிரிவு ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 3–8 தோற்ற மேற்கு ஜெர்மனி இறுதியில் 3–2 வென்றது. 1958, பெலேக்கு வயது 17. பிரான்சின் ஃபோன்தேன் 13 கோல். 1966, வட கொரியா இத்தாலியை 1–0 வீழ்த்தியது. 1970, மஞ்சள், சிவப்பு அட்டைகள் அறிமுகம். 1982, முதல் பெனால்டி ஷூட் அவுட், மேற்கு ஜெர்மனி–பிரான்ஸ் அரையிறுதியில். 2002, ஆசியாவில் முதல் முறை. 2010, ஆப்பிரிக்காவில் முதல் முறை. 2014, அரையிறுதியில் ஜெர்மனி 7, பிரேசில் 1. 2022, அரையிறுதி கண்ட முதல் ஆப்பிரிக்க அணி மொராக்கோ.

கோப்பையின் படம் போடுவதானால் இரண்டு உருவம் வேண்டும். 1970 வரை கொடுக்கப்பட்டது ஜூல் ரிமே கோப்பை, சிறகு விரித்த வெற்றித் தேவதை. மூன்றாவது முறை வென்றதும் பிரேசிலுக்கே சொந்தமானது; 1983-இல் ரியோவில் திருடுபோய், திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது நாம் பார்க்கும், உலக உருண்டையைத் தாங்கும் கோப்பை 1974-இல்தான் வந்தது. பெலேயின் கையில் இன்றைய கோப்பையை வரைந்த சுவர்கள் நிறைய உண்டு.

முகங்களை வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்ந்த ஓவியர் கிடைக்காவிட்டால் பெலே, மரடோனா, மெஸ்ஸி முகங்களை முயலாதீர்கள். பின்புறம் திரும்பி நிற்கும் 10-ஆம் எண் சட்டையை நிழலுருவாக வரைந்தாலே மூவரும் வந்துவிடுவார்கள்.

பந்து வரையும் கணக்கு

இடது ஓரத்தில் 33 அங்குல அகலப் பலகம் மிச்சம் இருக்கிறது. அதில் தலைப்பு, 1904-இல் பாரிசில் ஃபிஃபா தொடங்கியது, 1928-இல் ஆம்ஸ்டர்டாம் கூட்டத்தில் உலகக் கோப்பை நடத்த முடிவானது என்ற இரண்டு வரிகள், கீழே இரண்டு பந்துகள். மேலே 1930-இன் தோல் பந்து: பழுப்பு வட்டம், நடுவில் கயிறு பூட்டிய வாய். கீழே 1970-இன் டெல்ஸ்டார், கறுப்பு வெள்ளைப் பந்து. இதில்தான் பெரும்பாலோர் தவறுவார்கள். கறுப்பாக இருப்பவை ஐங்கோணங்கள், மொத்தம் 12. வெள்ளை அறுகோணங்கள் 20. அறுகோணத்துக்குக் கறுப்படித்தால் பந்து தேன்கூடு மாதிரி ஆகிவிடும்.

10 அங்குல விட்டத்துக்கான அளவு இது. ஆணியில் நூல் கட்டி 5 அங்குல ஆரத்தில் வட்டம் போடுங்கள். அதே மையத்திலிருந்து 1.7 அங்குல ஆரத்தில் இன்னொரு வட்டம். அதை ஐந்தாகப் பிரித்துப் புள்ளிகளை இணைத்தால் பக்கம் 2 அங்குலம் உள்ள ஐங்கோணம் வரும். அதற்குக் கறுப்பு. ஐந்து முனைகளிலிருந்தும் வெளிநோக்கி நேர்க்கோடு இழுத்து, மையத்திலிருந்து 3.4 அங்குலத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் வெளிக் கறுப்பு ஐங்கோணத்தின் மூக்கு. மூக்கிலிருந்து அது இரு பக்கமும் விரிந்து, மையத்திலிருந்து 4.25 அங்குலத் தூரத்தில், நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 1.6 அங்குலத்தில் தோள் கட்டும். அங்கிருந்து உள்நோக்கி மடிந்து, நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 1 அங்குலத்தில் பந்தின் விளிம்பைத் தொடும். ஒரு ஐங்கோணத்தின் தோளையும் அடுத்ததன் தோளையும் நேர்க்கோட்டால் இணைத்தால் அறுகோணங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். ஒரு கார்டுபோர்டில் வெட்டி வைத்துக்கொண்டால் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டாம்.

எழுத்து

தமிழ் எழுத்தின் அகலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து அளவுக்கு இடம் கேட்கும். ஒரு அங்குல உயரத்தில் 14 அங்குலக் கட்டத்துக்குள் 11 இடம்தான் வசதியாகக் கிடைக்கும். "செக்கோஸ்லோவாக்கியா" என்பது கொம்பும் காலும் சேர்ந்து 16 அங்குலத்துக்கு மேல் ஓடும். எழுத்தை நெருக்கினால் லோ எது, வா எது என்று தெரியாது. "செக்கோஸ்லோ" என்று ஒரு வரி, "வாக்கியா" என்று அடுத்த வரி எழுதுங்கள். வரிக்கு வரி ஒன்றேமுக்கால் அங்குலம் வேண்டும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே கு, டு போன்றவற்றின் வாலும் இடித்துக்கொள்ளாமல் இருக்க அது தேவை.

சுவரில் பிரஷ் வைப்பதற்கு முன், பழைய செய்தித்தாளைக் கட்ட அளவுக்கு வெட்டி, மார்க்கரில் எழுதி ஒட்டிப் பாருங்கள். மூன்று கட்டம் ஒட்டினாலே நெருக்கம் தெரிந்துவிடும். எழுதிய ஆளே பிழை பார்க்கக் கூடாது. கண் நினைத்ததைத்தான் படிக்கும். இன்னொருவர் ஆண்டு, ஸ்கோர், பெயர் மூன்றையும் தாளில் ஒவ்வொன்றாக டிக் அடிக்கட்டும். பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்: உருகுவே ஓரிடத்தில், உருகுவாய் இன்னோரிடத்தில் என்று வந்தால் சுவர் முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகும்.

இரண்டு பேர் எழுதினால், ஒருவர் எண்கள் மட்டும், மற்றவர் எழுத்துகள் மட்டும். இருவர் கையும் ஒரே கட்டத்தில் கலந்தால் பளிச்சென்று தெரியும். வலது கைக்காரர் இடமிருந்து வலமாகப் போகட்டும், கை அழிக்காது. மே மாதத்தில் சேலத்துக் கோடைமழை பெரும்பாலும் மாலையில்தான் இறங்கும். அன்றைய எழுத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் உலர நேரம் விட்டு நிறுத்துங்கள். சாக்பீஸ் கோடுகளை மறுநாள் உலர்ந்த துணியால் துடையுங்கள். மேலே வார்னிஷ் வேண்டாம், ஒரு வருடத்தில் மஞ்சளடிக்கும்.

பெண்கள் உலகக் கோப்பைக்கு வாசல் கேட்டுக்கு மறுபுறச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் 1991 கோட்டிலிருந்து 2023 கோடு வரை 10 அடி 8 அங்குலம்; இரு ஓரக் கட்டங்களையும் சேர்த்து 11 அடி 10 அங்குலம் போதும். அமெரிக்கா நான்கு, ஜெர்மனி இரண்டு, நார்வே, ஜப்பான், ஸ்பெயின் ஒவ்வொன்று. ஒரே சுவரில் மூலையில் ஒதுக்கி எழுதுவதைவிடத் தனிச் சுவர் நல்லது.

வலது ஓரப் பலகம்

447 அங்குலத்திலிருந்து சுவர் முடியும்வரை 33 அங்குலம். 2022 வரையிலான கணக்கு இங்கே: பிரேசில் 5, ஜெர்மனி 4 (மேற்கு ஜெர்மனியின் மூன்றும் சேர்த்து), இத்தாலி 4, அர்ஜென்டினா 3, உருகுவே 2, பிரான்ஸ் 2, இங்கிலாந்து 1, ஸ்பெயின் 1. கூட்டினால் 22 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ தவறு. எண்ணாக எழுதாமல், வென்ற ஒவ்வொரு கோப்பைக்கும் ஒன்றரை அங்குல வட்டம் ஒன்று வரையுங்கள். எண்ணை மாற்றுவதானால் பழையதை அழித்து அடிநிறம் பூச வேண்டும், அந்தத் திட்டு கடைசிவரை தெரியும். வட்டமானால் ஒன்று சேர்த்தால் முடிந்தது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இரண்டு வட்டத்துக்கு இடம் விடுங்கள். எட்டு நாடுகளுக்குக் கீழே, புதிதாக வெல்லும் நாட்டுக்கென்று இரண்டு வரிசை காலியாகவே இருக்கட்டும். மிஞ்சிய நிறங்களை ஒவ்வொன்றிலும் 100 மில்லி, காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, நிறத்தின் கடை எண்ணை மேலே ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.